பெண்கள், இஸ்லாம், சமாதானம்: மானிடவியலாளரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முஸ்லிம் சமூகங்களில் பாலினமும் மார்க்கமும் சமாதான வேலையும் எங்கே ஒன்றோடொன்று உரசுகின்றன என்று பார்க்கும் மானிடவியலாளர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அந்த வேலையைப் பற்றி மாணவர்களும் நண்பர்களும், சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குப் போதாது.

சமாதானம் என்றால் அரசியல் அறிவியல்தானே? மானிடவியலாளருக்கு அதில் என்ன வேலை?

அரசியல் அறிவியலாளர் பெரும்பாலும் ஒப்பந்தத்திலிருந்து தொடங்குவார். யார் கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை நாள் நின்றது, ஏன் உடைந்தது என்பதெல்லாம் அவருடைய கேள்விகள். மானிடவியலாளர் வேறு இடத்தில் உட்காருவார். வெட்டிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் மறுபடி ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கின்றனவா? ஒரு வீட்டு ஜனாஸாவுக்கு, அதாவது இறுதிச் சடங்குக்கு, மற்ற வீட்டார் போகிறார்களா? பெண் கொடுப்பதும் எடுப்பதும் திரும்பத் தொடங்கிவிட்டதா? தாளில் சமாதானம் வந்து வருடக்கணக்காகியும் இதெல்லாம் நடக்காத ஊர்கள் உண்டு. தாளே இல்லாமல் நடந்துவிட்ட ஊர்களும் உண்டு.

இதையெல்லாம் கேள்வித்தாள் நீட்டித் தெரிந்துகொள்ள முடியாது. மாதக்கணக்கில், முடிந்தால் ஒரு வருடத்துக்கு மேல், அங்கேயே இருந்து பார்க்க வேண்டும்.

ஏன் குறிப்பாகப் பெண்கள்?

இரண்டு காரணங்கள். ஒன்று, உறவுமுறை. தந்தைவழிக் குலங்கள் உள்ள பல முஸ்லிம் சமூகங்களில் ஓர் ஆணுக்கு ஒரு குலம்தான். பெண்ணுக்கோ பிறந்த குலம் ஒன்று, வாழ்க்கைப்பட்ட குலம் ஒன்று. இரண்டும் மோதிக்கொண்டால் ஒரு பக்கம் அண்ணன் தம்பி, மறுபக்கம் கணவனும் பிள்ளைகளும். சோமாலியாவில் சண்டைக்கு நடுவே இரு பக்கமும் போய்வர முடிந்தவர்கள் பெண்கள்தான். சேதி கொண்டு போனதும் அவர்களே. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் ‘ரிடோ’ என்று குலப் பகை உண்டு. 2007இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, 1930கள் முதல் 2005 வரை 1,266 ரிடோக்களைப் பதிவு செய்தது. 5,500க்கும் மேற்பட்டோர் அவற்றில் மாண்டிருந்தார்கள். அங்கேயும் பெண்களைக் கொல்வதில்லை என்பது எழுதாத விதி. ஆண்கள் வீட்டுக்குள் ஒளிந்திருக்கும்போது பெண்கள் வெளியே நடமாடலாம், எதிரி வீட்டு வாசலுக்கும் போகலாம்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. பேசித் தீர்த்துவிட்டோம் என்று ஆண்கள் கைகுலுக்கும் இடத்தில், அதற்கான விலையைப் பல நேரம் ஒரு பெண் கொடுத்திருப்பாள். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நடந்த ஓர் உதாரணத்தை விரிவாகச் சொல்ல முடியுமா?

இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் வஜீரைத்தான் சொல்வார்கள். காரணமும் இருக்கிறது.

கென்யாவின் வடகிழக்கில், சோமாலியாவுக்குப் பக்கத்தில் உள்ள வறண்ட மாவட்டம் வஜீர். மக்கள் பெரும்பாலும் சோமாலி முஸ்லிம்கள். ஒட்டகமும் மாடும் ஆடும் மேய்ப்பவர்கள். அஜுரான், டெகோடியா, ஒகாடென் என்று குலங்கள். 1984 பிப்ரவரியில் வகல்லா விமான ஓடுதளத்தில் டெகோடியா ஆண்களை அரசுப் படையினர் அடைத்து வைத்துக் கொன்ற நினைவு அங்கே ஆறாதது. அரசின் மேல் நம்பிக்கை கிடையாது. 1990களின் தொடக்கத்தில் கடும் வறட்சி. பக்கத்தில் சோமாலிய அரசு கவிழ்ந்து துப்பாக்கிகள் மலிந்துவிட்டன. 1992-93இல் குலங்கள் மோதிக்கொண்டன.

சண்டை சந்தைக்கும் வந்துவிட்டது. ஒரு குலத்துப் பெண் இன்னொரு குலத்துப் பெண்ணிடம் வாங்கமாட்டாள், அவளை விற்கவும் விடமாட்டாள். 1993இல் ஒரு கல்யாணத்துக்குக் கூடிய பெண்கள் சிலர் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவர் டெகா இப்ராஹிம் அப்தி. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மேடை போட்டுப் பேசவில்லை, ஊர்வலம் போகவில்லை. முதலில் சந்தையைக் கையில் எடுத்தார்கள். எந்தக் குலத்தவரும் வரலாம், வாங்கலாம், விற்கலாம் என்று பெண்களுக்குள்ளேயே பேசி முடித்தார்கள். அது நடக்கிறதா என்று பார்க்கச் சந்தையிலேயே ஆள் வைத்தார்கள். தகராறு வந்தால் தீர்க்க ஒரு குழுவும் போட்டார்கள். சந்தை அமைதியானது.

அதற்குப் பிறகுதான் பெரியவர்களிடம் போனார்கள். இங்கே அவர்கள் காட்டிய சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய குலங்களின் தலைவர்களை முதலில் பேசவிட்டிருந்தால் பழைய கணக்குகள்தான் மேலே வந்திருக்கும். மிகச் சிறிய குலத்தைச் சேர்ந்த முதியவர்களை முன்னால் நிறுத்தினார்கள். யாரையும் மிரட்ட வலுவில்லாதவர்கள் பேசும்போது யாரும் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள முடியாது. 1993 செப்டம்பரில் குலப் பெரியவர்களின் சமாதான உடன்பாடாக அல்-ஃபதாஹ் பிரகடனம் வந்தது. இளைஞர்கள், வியாபாரிகள், மார்க்க அறிஞர்கள், அரசு அதிகாரிகள் என்று ஒவ்வொரு தரப்பையும் சேர்த்து, 1995இல் இந்த முயற்சி மாவட்டச் சமாதானக் குழுவாக மாறியது. பிற்பாடு கென்யாவின் மற்ற மாவட்டங்களும் இந்த அமைப்பைப் பின்பற்றின. டெகாவுக்கு 2007இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2011இல் கார் விபத்தில் காயமடைந்து காலமானார்.

மானிடவியலாளர் இந்தக் கதையை இதோடு விட மாட்டார். பிரகடனம் பெரியவர்களின் பெயரில் இருக்கிறது. அதற்கு வழி செய்தவர்கள் சந்தைப் பெண்கள். ஒரு குழு அரசு அமைப்பாகி, அதற்குப் படியும் வண்டியும் பட்ஜெட்டும் வந்தபின் யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் தேநீர் கொண்டு வருகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதில் இஸ்லாத்துக்கு என்ன பங்கு? இது வெறும் குல வழக்கம்தானே?

இரண்டையும் கத்தி வைத்துப் பிரிக்க முடியாது. ‘இது மார்க்கம், அது வழக்கம்’ என்று பிரிப்பதே அந்தச் சமூகங்களுக்குள் நடக்கும் ஒரு வாதம். யார், எப்போது, எதற்காக அந்தக் கோட்டைப் போடுகிறார்கள் என்பதுதான் ஆய்வாளருக்குச் சுவாரசியம்.

மார்க்கத்தில் சமாதானத்துக்கு ஆதாரம் குறைவில்லை. குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 9ஆம் வசனம், நம்பிக்கையாளர்களில் இரு கூட்டத்தார் சண்டையிட்டால் அவர்களுக்கு இடையே சமாதானம் செய்து வைக்கச் சொல்கிறது. 4:114, மக்களின் இரகசியப் பேச்சுகளில் பெரும்பாலானவற்றில் நன்மையில்லை என்று சொல்லிவிட்டு, தர்மத்தையும் நற்செயலையும் சமாதானத்தையும் ஏவுவோரின் பேச்சுக்கு விலக்குக் கொடுக்கிறது. கி.பி. 628இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்தபோது நடந்ததைப் பெண்கள் அமைப்புகள் அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். மக்காவுக்குள் போகாமலே திரும்ப வேண்டுமா என்ற மனத்தாங்கலில் தோழர்கள், பலியிட்டுத் தலைமுடி களையுங்கள் என்று நபிகள் நாயகம் சொல்லியும் அசையாமல் நின்றார்கள். அப்போது அவருடைய மனைவி உம்மு ஸலமா, ‘யாரிடமும் ஒன்றும் பேசாமல் நீங்களே போய்ப் பலியிட்டு முடியைக் களையுங்கள்’ என்று யோசனை சொன்னார். அவர் அப்படியே செய்தார், மற்றவர்களும் எழுந்தார்கள். ஒரு பெரிய உடன்படிக்கை கடைசி நேரத்தில் ஒரு பெண்ணின் ஆலோசனையால் நிலைபெற்றது என்று மத்தியஸ்த வேலைக்கு வரும் பெண்கள் இதைச் சொல்லும்போது, எதிரில் உட்கார்ந்திருக்கும் மௌலவியால் எளிதில் மறுக்க முடியாது.

அதே சமயம், ஒரே வசனம் இரண்டு பக்கமும் வேலை செய்யும். 4:128, கணவனின் வெறுப்பையோ புறக்கணிப்பையோ அஞ்சும் மனைவியைப் பற்றியது. அங்கேதான் ‘சமாதானமே மேல்’ என்று வருகிறது. ஒரு பஞ்சாயத்தில் இது கணவனைப் படியிறங்க வைக்கும். இன்னொரு பஞ்சாயத்தில், அடி வாங்கி வந்த பெண்ணைப் பொறுத்துப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பும். புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு எது நடக்கும் என்று சொல்ல முடியாது. அந்த அறையில் இருந்தால்தான் தெரியும்.

பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வாழும் பஷ்தூன் மக்களிடம் ‘நனவாத்தை’ என்ற வழக்கம் உண்டு. குற்றம் செய்த பக்கத்தார் எதிரி வீட்டுக்கே போய் அடைக்கலம் கேட்பது. சில சமயம் அந்தக் கூட்டத்தில் பெண்கள் தலையில் குர்ஆனைச் சுமந்துகொண்டு வருவார்கள். வந்தவர்களைத் துரத்தினால் விருந்தோம்பலும் கெட்டது, வேதத்தையும் அவமதித்ததாகும், பெண்களையும் அவமதித்ததாகும். இதில் எது மார்க்கம், எது வழக்கம்? கதவைத் திறப்பவர் அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

அப்படியானால் பெண்கள் இயல்பாகவே சமாதான விரும்பிகள் என்கிறீர்களா?

இல்லை. அந்த எண்ணம் ஆய்வைக் கெடுக்கிறது, பெண்களையும் கெடுக்கிறது.

சோமாலியாவில் தம் குலத்து ஆண்களை ரோஷப்படுத்திச் சண்டைக்கு அனுப்பக் கவிதை கட்டிய பெண்கள் இருந்தார்கள். ஆயுதம் வாங்க நகை கழற்றிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் விடுதலை இயக்கமான ‘காம்’ (GAM) அமைப்புக்கு ‘இனோங் பாலே’ என்ற பெண்கள் பிரிவே இருந்தது. தாய்மையைச் சொல்லிச் சமாதானம் கேட்கும் பெண்கள், அந்தப் பேச்சு அவையில் எடுபடும் என்று தெரிந்தே அப்படிக் கேட்பதும் உண்டு. அது பொய் என்று அர்த்தமில்லை. கையில் இருக்கும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

சமாதானத்தின் விலையைப் பெண் கொடுக்கிறாள் என்றீர்களே?

பாகிஸ்தானின் பஷ்தூன் பகுதிகளில் ‘ஸ்வாரா’, ஆப்கானிஸ்தானில் ‘பாத்’ என்ற வழக்கம். ஒரு வீட்டு ஆண் கொலை செய்துவிட்டால், பகை முடிய அந்த வீட்டுப் பெண்ணை, பல நேரம் சிறுமியை, கொலையுண்டவரின் வீட்டுக்குக் கட்டிக் கொடுப்பது. இரத்தம் நின்றுவிடும். ஜிர்கா என்ற ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் கலைந்து எல்லோரும் சாப்பிடப் போவார்கள். அந்தப் பெண் மட்டும், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், பறித்தவனின் தங்கையாக ஆயுள் முழுக்க இருக்க வேண்டும். பாகிஸ்தான் 2004இல் தண்டனைச் சட்டத்தில் இதைக் குற்றமாக்கி, 2011இல் இன்னும் கடுமையாக்கியது. இது இஸ்லாத்துக்கு விரோதம் என்று சொல்லும் மார்க்க அறிஞர்கள் நிறைய பேர். பெண்ணின் சம்மதமில்லாத நிக்காஹ் செல்லாது, கணவன் கொடுக்க வேண்டிய மஹர் (மணக்கொடை) அவளுக்கே உரியது, அவளே நஷ்டஈடாக முடியாது என்பது அவர்கள் வாதம். இங்கே மார்க்கம் பெண்ணின் பக்கம், வழக்கம் எதிர்ப்பக்கம். ஆகவே மார்க்கத்தைக் கழற்றிவிட்டால் பெண்ணுக்கு விடுதலை என்ற எளிய கணக்கு இங்கே பொருந்தாது.

சோமாலி வழக்கில் இரத்தப்பணம், அதாவது கொலைக்கான நஷ்டஈடு, கொல்லப்பட்டது ஆண் என்றால் நூறு ஒட்டகம், பெண் என்றால் ஐம்பது. அந்த ஒட்டகங்களும் குலத்து ஆண்களிடம்தான் போய்ச் சேரும்.

அதனால், எந்த ஊரில் ‘இங்கே எல்லாம் சுமுகமாகிவிட்டது’ என்று சொன்னாலும், நல்ல ஆய்வாளர் உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: யார் செலவில்?

முஸ்லிம் பெண்கள் ஒடுக்கப்பட்டவர்கள். அவர்களை விடுவித்தால் சமாதானம் தானாக வராதா?

இந்த வாதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் எகிப்தை நடத்திய குரோமர் பிரபு, முக்காடும் பெண்ணடிமையும்தான் இஸ்லாத்தின் குறை என்று பேசினார். ஊருக்குத் திரும்பியதும், இங்கிலாந்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்ற ஆண்கள் அமைப்புக்குத் தலைமை தாங்கினார். 2001 நவம்பரில், ஆப்கானிஸ்தானில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் வானொலியில் ஆப்கன் பெண்களின் விடுதலையைப் பற்றிப் பேசினார். அடுத்த வருடமே மானிடவியலாளர் லைலா அபு-லுகோத், முஸ்லிம் பெண்களை உண்மையிலேயே யாராவது காப்பாற்ற வேண்டுமா என்ற கேள்வியைத் தலைப்பாகவே வைத்து ஒரு கட்டுரை எழுதினார். இந்தத் துறையில் அதைத் தாண்டிப் போக முடியாது.

அவர் சொன்னது, பெண்களின் துன்பத்தைப் பார்க்காதே என்றில்லை. வறுமை, போர், வல்லரசுகள் ஆயுதம் கொடுத்து வளர்த்த குழுக்கள் எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய துன்பத்தை ‘கலாச்சாரம்’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடாதே என்பதுதான். அதற்காக ஆணாதிக்கத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று இதை நீட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

பள்ளிவாசல் வகுப்புகளுக்குப் போகும் பெண்கள் பழமையில் மூழ்குகிறார்கள் என்று சொல்லலாமா?

மானிடவியலாளர் சபா மஹ்மூத் 1990களின் நடுவில் கெய்ரோவின் பள்ளிவாசல்களில் பெண்கள் நடத்திய மார்க்க வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தார். 2005இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. எதிர்ப்பதுதான் சுயசெயல், பணிவது செயலின்மை என்ற பொதுப்புத்தியை அது அசைத்துவிட்டது. பஜ்ரு என்ற அதிகாலைத் தொழுகைக்கு எழுவது, வெட்கத்தையும் பொறுமையையும் பயிற்சியால் வளர்த்துக்கொள்வது எல்லாம் அந்தப் பெண்கள் தங்களைத் தாங்களே செதுக்கிக்கொள்ளும் வேலை என்று காட்டினார்.

சமாதான ஆய்வுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. குர்ஆன் வகுப்பு நடத்தும் பெண்ணுக்கு வாரந்தோறும் நாற்பது வீட்டுப் பெண்கள் முன்னால் உட்காருகிறார்கள் என்று வையுங்கள். எந்த வீட்டில் என்ன புகைகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். வெளிநாட்டு நிதியில் நடக்கும் பயிலரங்குக்கு அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவர் ‘பெண்ணுரிமை’ என்ற சொல்லையே பயன்படுத்த மாட்டார். ஊரில் ஒரு சண்டையை நிறுத்த வேண்டுமென்றால் பயிலரங்குக்குப் போனவரைவிட இவர் சொல்தான் எடுபடும்.

குடும்பச் சட்டத்தையும் சமாதான ஆய்வில் ஏன் சேர்க்கிறீர்கள்?

பெரும்பாலான பெண்கள் தங்கள் வாழ்நாளில் சந்திக்கும் மத்தியஸ்தம் அதுதான். ஈரானில் பிறந்த சட்ட மானிடவியலாளர் ஸீபா மீர்-ஹுசைனி, ஈரானிலும் மொரோக்கோவிலும் விவாகரத்து வழக்குகள் நடக்கும் நீதிமன்றங்களில் உட்கார்ந்து பார்த்தவர். தலாக் உரிமை கணவன் கையில் இருக்கும்போது, மனைவி மஹர் பாக்கியைக் கேட்டு வழக்குப் போட்டு அதையே பேரம் பேசும் ஆயுதமாக்குவதை அவர் காட்டினார். சட்டம் ஆண் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதற்குள்ளேயே பெண்கள் வழி கண்டுபிடிக்கிறார்கள். இரண்டும் உண்மை. பிறகு அவரும் மலேசியாவின் ‘சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம்’ அமைப்பினரும் வேறு பலரும் சேர்ந்து 2009இல் கோலாலம்பூரில் ‘முசாவா’ என்ற உலக இயக்கத்தைத் தொடங்கினார்கள். மார்க்கத்துக்குள் நின்றே குடும்பத்தில் சமத்துவம் கேட்பது அவர்கள் வழி.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளுக்குக் காதி நீதிமன்றங்கள் நடக்கின்றன. காதியாக, அதாவது அதன் நீதிபதியாக, ஆண் மட்டுமே ஆகலாம் என்பது அந்தச் சட்டத்தில் உள்ளது. சீர்திருத்தம் கேட்டு முஸ்லிம் பெண்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். அடுத்த கேள்விக்கு இங்கிருந்துதான் போக வேண்டும்.

முஸ்லிம்கள் சிறுபான்மையாக இருக்கும் நாட்டில் நிலைமை மாறுமா?

நிறையவே மாறும். வெளியிலிருந்து சமூகத்தையே அடிக்கும்போது, உள்ளிருந்து குறை சொல்லும் பெண்ணை ‘எதிரிக்கு எடுத்துக் கொடுக்கிறாள்’ என்பார்கள்.

இலங்கையில் 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். பலர் புத்தளம் முகாம்களில் ஒரு தலைமுறையே வளரும் வரை இருந்தார்கள். 2014இல் அளுத்கம, 2018இல் திகன என்று முஸ்லிம்கள் மீது கலவரங்கள் நடந்தன. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின், அதே மாத இறுதியில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்திரைக்குத் தடை வந்தது. குண்டு வைத்தவர்களோடு சம்பந்தமே இல்லாத பெண்களை, அபாயா அணிந்ததற்காகப் பஸ்ஸிலும் அலுவலகத்திலும் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அதே வேளையில், பெண்களின் நிலையை முன்னிட்டு முஸ்லிம் குடும்பச் சட்டத்தையே ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கை, அதுவரை முஸ்லிம் பெண்களைப் பற்றிக் கவலையே படாத தரப்பிலிருந்து எழுந்தது. நீண்ட காலமாகச் சீர்திருத்தம் கேட்டு வந்த பெண்கள் இரண்டு பக்க அடியையும் வாங்கினார்கள்.

கொழும்புப் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஃபர்ஸானா ஹனீஃபா, இலங்கை முஸ்லிம் பெண்களிடையே வளர்ந்த மார்க்கப்பற்று இயக்கங்களையும் வடக்கிலிருந்து நடந்த வெளியேற்றத்தையும் ஆராய்ந்தவர். இரண்டையும் ஒருவரே ஆராய்ந்தது தற்செயலாக எனக்குப் படவில்லை. உடையும் பக்தியும் பக்கத்து இனத்தவரோடு உள்ள உறவும் அங்கே ஒரே பேச்சின் பகுதிகள்.

எல்லா முஸ்லிம் சமூகங்களும் ஆண்வழிச் சமூகங்களா?

கிடையாது. மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுக்குத் தாய்வழிக் குலம். நிலமும் வீடும் பெண்வழியில் போகும். இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் ‘குடி’ உண்டு. வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அப்படிப்பட்ட ஊரில் நிவாரண வீட்டைக் ‘குடும்பத் தலைவர்’ என்று ஆண் பெயரில் பதிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரிய பேச்சுவார்த்தைகளில் பெண்கள் இருக்கிறார்களா?

ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000 அக்டோபர் 31இல் 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, சமாதான முயற்சிகளில் பெண்களைச் சேர்க்கச் சொன்னது. நடந்தது என்ன? 1992 முதல் 2019 வரையிலான முக்கியமான பேச்சுவார்த்தைகளில் பேச வந்தவர்களில் பெண்கள் 13 சதவீதம். மத்தியஸ்தர்களிலும் கையெழுத்திட்டவர்களிலும் 6 சதவீதம். இது முஸ்லிம் நாடுகளின் கணக்கு இல்லை, உலகக் கணக்கு.

விதிவிலக்குகள் சுவையானவை. 2000இல் ஜிபூட்டியின் அர்த்தா நகரில் சோமாலிய சமாதான மாநாடு. இடம் குலவாரியாகத்தான் ஒதுக்கினார்கள். நான்கு பெரிய குலங்கள், சிறுபான்மைக் குலங்களின் கூட்டணி ஒன்று. எந்தக் குலமும் தன் பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. சோமாலியப் பெண் செயற்பாட்டாளர் ஆஷா ஹாஜி எல்மியும் தோழிகளும், ‘சரி, நாங்கள் ஆறாவது குலம்’ என்று அறிவித்து உள்ளே போனார்கள். 245 இடங்கள் கொண்ட இடைக்கால நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு 25 இடங்கள் கிடைத்தன. குல முறையை எதிர்த்தார்களா, அதற்குப் பணிந்தார்களா என்று கேட்டால் இரண்டும்தான்.

மிண்டனாவோவில், 2014 மார்ச்சில் பிலிப்பைன்ஸ் அரசுக்கும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் ஒப்பந்தம் ஆனபோது அரசுத் தரப்புத் தலைமைப் பேச்சாளர் மிரியம் கொரோனல்-ஃபெரர் என்ற பெண். ஆச்சேயில் கதை வேறு. 2000 பிப்ரவரியிலேயே அங்கே நூற்றுக்கணக்கான பெண்கள் மாநாடு கூட்டிப் பேச்சுவார்த்தை வேண்டுமென்று கேட்டார்கள். 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சின்கியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. காம் தரப்பில் இருந்த ஒரே பெண் ஷாதியா மர்ஹபான். அதன்பின் முன்னாள் போராளிகளுக்கு உதவி பிரித்தபோது பெண்களில் பெரும்பாலோர் பட்டியலிலேயே வரவில்லை.

ஆய்வாளர் முஸ்லிமாகவோ பெண்ணாகவோ இருந்தே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை, ஆனால் எந்தக் கதவு திறக்கும் என்பதை அது தீர்மானிக்கும். லைலா அபு-லுகோத் 1970களின் இறுதியில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் அவ்லாத் அலி பெதூயின் மக்களிடம் களப்பணிக்குப் போனபோது அவருடைய தந்தையும் கூடவே போனார். மகளுக்கு அது முதலில் சங்கடமாக இருந்தது. ஆனால் தனியாக வந்த கல்யாணமாகாத பெண் என்ற சந்தேகம் போய், நல்ல குடும்பத்துப் பெண் என்று வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். பெண்களோடு அடுப்படியில் உட்கார வழி கிடைத்தது. ஆண்கள் பேசும் இடங்களில் பல அதே காரணத்தால் அடைபட்டன. ஆண் ஆய்வாளருக்கு இது அப்படியே தலைகீழ்.

இந்த ஆய்வை ராணுவமோ உளவுத்துறையோ பயன்படுத்தாதா?

பயன்படுத்தப் பார்க்கும். 2007 முதல் சில ஆண்டுகள் அமெரிக்க ராணுவம் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் படைப்பிரிவுகளோடு சமூக அறிவியலாளர்களை இணைத்து ஒரு திட்டம் நடத்தியது. அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் செயற்குழு அதே 2007இல் அதை ஏற்க முடியாது என்று அறிக்கை விட்டது. ராணுவ உடைக்காரர் பக்கத்தில் நிற்கக் கேட்கும் கேள்விக்கு, ‘சொல்ல மாட்டேன்’ என்று பதில் சொல்லும் சுதந்திரம் யாருக்கும் இருக்காது.

இன்றைய சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘தீவிரவாதத் தடுப்பு’ நிதியில் பெண்கள் சமாதானத் திட்டங்கள் நடக்கின்றன. மகனிடம் மாற்றம் தெரிந்தால் தாய் முதலில் கண்டுபிடிப்பாள், அவளைப் பழக்குவோம் என்பது அவற்றின் அடிப்படை. கேட்க நன்றாக இருக்கிறது. தாயைத் தன் பிள்ளையின் மேல் ஒற்றராக வைத்துவிட்டு அந்த வீட்டில் எந்தச் சமாதானத்தைக் கட்டப் போகிறார்கள் என்பது என் கேள்வி.

ஆய்வில் வரும் பெண்களின் பெயர்களை ஏன் மாற்றிவிடுகிறீர்கள்? அவர்களுக்குப் புகழ் சேர வேண்டாமா?

டெகா, ஆஷா போன்றவர்கள் தாங்களே பொதுவெளிக்கு வந்தவர்கள். பெரும்பாலோர் வரமாட்டார்கள், வரவும் முடியாது. இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து வழக்கைப் பாதி முடித்துவிட்டு, ‘பெரியவர் தீர்த்து வைத்தார்’ என்று ஊர் சொல்லும்போது தலையாட்டிவிட்டுப் போவார்கள். பெரியவரின் மரியாதை அப்படியே இருந்தால்தான் அடுத்த வழக்குக்கும் அவர் இவர்களைக் கலந்து பேசுவார். ஆய்வு நூலில் உண்மையை ஊர் பெயரோடு எழுதினால் அந்த ஏற்பாடு அன்றோடு முடிந்தது. அதனால் ஊர், வழக்கு, உறவுமுறை மூன்றையும் மாற்றி எழுதுவது வழக்கம். அப்படி மாற்றியும் அடையாளம் தெரியும் என்றால் அந்தச் சம்பவத்தையே எழுதாமல் விட்டுவிட வேண்டும், அத்தியாயத்தில் அதுதான் மிகச் சிறந்த பகுதி என்றாலும்.